மருந்தை எடைபோடும் மாணவர்கள்

ஒரு நோய்க்கு இரண்டு சிகிச்சைகள் இருக்கின்றன. இரண்டில் எது நல்லது?

கேள்வி எளியதுதான். விடை சொல்ல முன்வருபவர்களும் பலர். அனுபவம் மிக்க டாக்டர் ஒன்றைச் சொல்லுவார். மருந்துக் கம்பெனிக்காரர் வேறொன்றைச் சொல்லுவார். அடுத்த வீட்டுப் பாட்டியோ, "என் தம்பி மகனுக்கு இதில்தான் குணமாயிற்று" என்று சத்தியம் செய்வாள். இவர்களில் யார் பேச்சை நம்புவது?

யார் பேச்சையும் அப்படியே நம்பாதே, கணக்கைப் பார் என்பதுதான் இன்று மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். ஒரு சிகிச்சையைப் பற்றி உலகில் இதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் தேடி எடுக்க வேண்டும். அவற்றின் தரத்தைச் சோதிக்க வேண்டும். அந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களின் கதி கடைசியில் என்னவாயிற்று என்று தொகுத்து எழுத வேண்டும். ஆராய்ச்சித் துறையில் கால் வைக்கும் மாணவர்களுக்கு இது ஒரு முக்கியமான பயிற்சி. இதை ஆய்வுத் திறனாய்வு என்று சொல்லலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்று கேட்கத் தோன்றும். உதவும். எத்தனையோ குடும்பங்களின் தலைவிதியையே அது மாற்றிவிடும். இதை அறிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டியதில்லை. சென்னைக்குத் தெற்கே பெரும்பாக்கம் வரை போனால் போதும்.

பெரும்பாக்கத்துக் கேள்வி

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே, மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில் இருக்கிறது பெரும்பாக்கம். அங்கே எட்டு மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக எழுந்து நிற்கின்றன. கூவம், அடையாறு ஆகிய ஆறுகளின் கரைகளிலே குடிசை போட்டு வாழ்ந்த ஏழைக் குடும்பங்களை அரசாங்கம் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த குடும்பங்களும் பல. ஆண்கள் தினக்கூலிக்குப் போகிறார்கள். பெண்கள் பலர் பஸ் ஏறி நகரத்துக்குப் போய் வீட்டு வேலை செய்து திரும்புகிறார்கள்.

இப்படிப்பட்ட குடும்பம் ஒன்றில் சம்பாதிப்பவருக்குக் காசநோய் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவரை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தால் அடுப்பு எரிவது எப்படி? வீட்டிலேயே வைத்துக்கொண்டால், ஒரே அறையில் படுத்துறங்கும் குழந்தைகளுக்கு நோய் தொற்றிக்கொள்ளாதா?

இன்று இந்தக் கேள்விக்கு டாக்டர் தயங்காமல் விடை சொல்லுகிறார். "வீட்டிலேயே இருங்கள். சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம் விடாமல் மருந்து சாப்பிடுங்கள். மருந்து இலவசம்" என்கிறார். நோய் முற்றியவர்களைத்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்ளுகிறார்கள்.

இந்தத் துணிவு டாக்டர்களுக்கு எங்கிருந்து வந்தது? உலகத்துக்கே இந்தத் துணிவைக் கொடுத்தது நம் சென்னை நகரந்தான்!

காற்றும் ஓய்வும்

பெரும்பாக்கத்துக்கு மேற்கே சில மைல் தூரத்தில் தாம்பரம் இருக்கிறது. மின்சார ரயிலில் போகிறவர்களுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்ற ஸ்டேஷன் பெயர் நன்றாகத் தெரியும். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் விடுதியை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. அதற்கு முன்பு அவர் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியத்தை நடத்தி வந்தார். கணித மேதை ராமானுஜன் நோயுற்றபோது சில காலம் சிகிச்சை பெற்ற இடங்களில் அதுவும் ஒன்று. தாம்பரம் சானடோரியத்தை 1937-ல் அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக விளங்குகிறது.

காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லாத காலம் அது. நல்ல காற்று, பூரண ஓய்வு, சத்தான ஆகாரம் இந்த மூன்றும்தான் சிகிச்சை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மரங்கள் சூழ்ந்த இடத்தில் மாதக்கணக்கில் தங்கவைப்பார்கள். இதுதான் சிறந்த வழி என்று உலகம் முழுவதும் டாக்டர்கள் நம்பினார்கள்.

பிறகு மருந்துகள் வந்தன. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்ற மருந்தும் வந்தன. 1952-ல் ஐசோநயசிட் வந்தது. ஆயினும் சானடோரியத்தின் மேல் இருந்த நம்பிக்கை குறையவில்லை. மருந்தோடு ஓய்வும் ஆகாரமும் சேர்ந்தால்தான் நோய் தீரும் என்றே நிபுணர்கள் கருதினார்கள்.

இந்தியாவுக்கு இது கட்டுப்படியாகுமா? நாட்டிலே நோயாளிகள் பல லட்சம் பேர். சானடோரியப் படுக்கைகளோ மிகக் குறைவு. படுக்கை கிடைக்கும் வரை காத்திருந்து, காத்திருக்கும்போதே மாண்டவர்கள் எத்தனை பேரோ! வீட்டிலேயே மருந்து கொடுத்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. ஆனால் ஏழையின் வீட்டில் அது பலிக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

193 பேர்

தெரியாததைத் தெரிந்துகொள்ள 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் இதில் கைகோத்தன. பிரிட்டிஷ் நிபுணர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். சேத்துப்பட்டில் உள்ள அந்த நிலையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

சென்னையின் ஏழை எளிய மக்களிடையே நோய் கண்டவர்கள் 193 பேர் ஆராய்ச்சிக்குச் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு வீட்டிலேயே சிகிச்சை. மற்றப் பாதிப்பேருக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். பாஸும் ஐசோநயசிடும் ஓராண்டுக் காலம் கொடுக்கப்பட்டன.

யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்று எப்படித் தீர்மானித்தார்கள்? இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. டாக்டரின் விருப்பப்படி விட்டிருந்தால், மோசமாக இருப்பவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். நோயாளியின் விருப்பப்படி விட்டிருந்தால், வசதியுள்ளவர்கள் ஒரு பக்கமும் வசதியற்றவர்கள் மறுபக்கமும் போயிருப்பார்கள். பிறகு எந்தப் பக்கம் குணம் அதிகமானாலும், அது சிகிச்சையின் பலனா, ஆட்களின் வித்தியாசமா என்று சொல்ல முடியாது. ஆகவே குலுக்கல் முறையில் பிரித்தார்கள். டாக்டரும் தேர்ந்தெடுக்கவில்லை, நோயாளியும் தேர்ந்தெடுக்கவில்லை.

இந்த முறைக்கு வழிகாட்டியாக இருந்தது 1948-ல் பிரிட்டனில் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆராய்ச்சி. அதில் குலுக்கல் முறையில் 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கொடுத்தார்கள். 6 மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர் இறந்தார்கள். அதற்கு மேல் வாதம் எதற்கு?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பார்கள். ஒரே பானையாக இருந்தால் சரிதான். மனிதர்கள் ஒரே பானையில் வெந்த சோறு அல்லவே! அதனால்தான் குலுக்கலும் கணக்கும் தேவைப்படுகின்றன.

வியப்பூட்டிய முடிவு

சென்னை ஆராய்ச்சியின் முடிவு 1959-ல் வெளியாயிற்று. ஓராண்டு முடிவில், சானடோரியத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 92 பேருக்கு நோய்க்கிருமி அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களில் நூற்றுக்கு 86 பேருக்கு அடங்கியிருந்தது.

வீட்டில் இருந்தவர்கள் எப்படிப்பட்ட வீட்டில் இருந்தார்கள்? நெருக்கமான குடிசைகளிலே. சானடோரியவாசிகளுக்குக் கிடைத்த ஓய்வு அவர்களுக்கு இல்லை. சாப்பாடும் குறைவு. 1961-ல் வெளிவந்த மற்றொரு கட்டுரை இதையும் அளந்து காட்டிற்று. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் கூடுதலாக ஏறினார்கள். ஆனாலும் கிருமியை அடக்கும் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வேலையைச் செய்தது மருந்து!

குழந்தைகளுக்குத் தொற்றும் என்ற பயம் என்னவாயிற்று? இரு பிரிவினரின் குடும்பங்களையும் 5 ஆண்டுகள் கண்காணித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தில் நோய் அதிகமாகப் பரவவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, மருந்து தொடங்காத நாட்களிலேயே, பெரும்பாலான தொற்று நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து உள்ளே போனதும் பிறருக்குத் தொற்றும் சக்தி விரைவில் குறைந்துவிடுகிறது.

இந்தியாவின் தேசியக் காசநோய்த் திட்டம் 1962-ல் தொடங்கியபோது, வீட்டுச் சிகிச்சையே அதன் அடித்தளமாயிற்று. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சென்னைக் குடிசைகளில் வாழ்ந்த 193 பேர் உலகத்துக்குச் செய்த உபகாரம் இது.

மாணவரின் தராசு

இந்த ஆராய்ச்சியை இன்று ஒரு மாணவர் எடுத்து வைத்துக்கொண்டு எடைபோடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "சென்னை சொல்லிவிட்டது, முடிந்தது" என்று எழுதினால் அவருக்கு மதிப்பெண் கிடையாது. அவர் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

முதலாவது, எதோடு எதை ஒப்பிட்டார்கள்? இரண்டாவது, ஆட்களை எப்படிப் பிரித்தார்கள்? மூன்றாவது, தொடங்கியவர்கள் எல்லோரும் கடைசி வரை கணக்கில் இருக்கிறார்களா? சானடோரியத்தில் சேர்ந்தவர்களில் சிலர் வீட்டு நினைவு தாங்காமல், டாக்டர் பேச்சைக் கேளாமல் நடுவிலே புறப்பட்டுவிட்டார்கள். இப்படிப் போனவர்களை மறந்துவிட்டு, இருந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தச் சிகிச்சையும் நல்ல சிகிச்சையாகத் தோன்றும். நான்காவது, 92-க்கும் 86-க்கும் உள்ள வித்தியாசம் நிஜமானதா, தற்செயலானதா? ஒவ்வொரு பிரிவிலும் நூறு பேருக்கும் குறைவாகவே இருந்த நிலையில், 6 பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடும்.

ஐந்தாவது கேள்விதான் முக்கியமானது. பலன் என்று எதை எண்ணினார்கள்? கிருமி அடங்கியதையா, எடை ஏறியதையா, மனிதர் பிழைத்ததையா, வேலைக்குத் திரும்பியதையா?

ஒரே கேள்வியைப் பற்றிப் பல நாடுகளில் ஆராய்ச்சிகள் நடந்திருக்கும். அத்தனையையும் தேடவேண்டும். இரண்டு பேர் தனித்தனியே படித்து, எவை தரமானவை என்று குறித்துக்கொள்ள வேண்டும். கருத்து மாறுபட்டால் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்லவேண்டும். பிறகுதான் எண்களைச் சேர்த்துப் பார்க்கலாம். இவ்விதத் திறனாய்வுகளைத் திரட்டி வெளியிடுவதற்கென்றே 1993-ல் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு உருவாயிற்று. அதன் தெற்காசியப் பணி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேரூன்றியது.

மருந்து பலிக்காத ஆராய்ச்சிகளை மேஜை அறைக்குள் பூட்டிவைக்கும் பழக்கமும் உண்டு. பலித்தவை மட்டும் வெளியே வந்தால் திறனாய்வு என்ன செய்யும்? இதைத் தடுக்கவே 2007-ல் இந்தியாவில் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு தொடங்கியது. 2009 முதல் மருந்துப் பரிசோதனைகளைத் தொடங்குமுன்பே அதில் பதிவு செய்வது கட்டாயமாயிற்று.

எம்.பி.பி.எஸ். மாணவர்களையும் இந்தப் பாதையில் இழுக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1979-லேயே குறுகியகால ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று.

ஒரு மாணவரின் கண்

மாணவர்கள் படித்து என்ன ஆகப்போகிறது என்று அலட்சியம் செய்பவர்களுக்கு 2021-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லவேண்டும்.

கோவிட் தொற்று உலகை உலுக்கிய சமயம். ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்து கோவிட் மரணத்தைப் பெருமளவு தடுக்கிறது என்று எகிப்திலிருந்து ஓர் ஆராய்ச்சி அறிக்கை 2020-ல் இணையத்தில் வெளியாயிற்று. பல நிபுணர்கள் தங்கள் தொகுப்புகளில் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். பல நாடுகளில் மக்கள் அந்த மருந்தைத் தேடி அலைந்தார்கள்.

லண்டனில் படித்துவந்த ஒரு மருத்துவ மாணவருக்கு இந்த அறிக்கையைப் படித்து எடைபோடும்படி பாடவேலை வந்தது. அவர் வரி வரியாகப் படித்தார். முன்னுரையின் பகுதிகள் வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டு, சொற்கள் மட்டும் மாற்றப்பட்டிருந்ததைக் கண்டார். எண்களைச் சோதித்தால், அவை அறிக்கையோடு ஒத்துவரவில்லை. ஆய்வு தொடங்கியதாகச் சொல்லப்பட்ட தேதிக்கு முன்பே இறந்தவர்கள் கணக்கில் இருந்தார்கள்! ஒரே நோயாளியின் விவரம் பலமுறை வந்திருப்பதைப் பிற நிபுணர்கள் கண்டார்கள். 2021 ஜூலையில் அந்த அறிக்கை இணையத்திலிருந்து விலக்கப்பட்டது. அதை நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தபோது, மருந்தின் பெருமையும் பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

பெரிய பெரிய நிபுணர்கள் தவறவிட்டதை ஒரு மாணவர் பிடித்தார். காரணம், அவர் முடிவுரையோடு நிறுத்தாமல் முழுவதையும் படித்தார். அவ்வளவுதான்.

சென்னை முடிவுக்கும் மறுபரிசீலனை

இந்தத் தராசு யாருக்கும் சலுகை காட்டுவதில்லை. சென்னைக்கும் காட்டவில்லை.

வாரத்துக்கு இரண்டு முறை மட்டும், ஊழியர் கண்முன்னே மருந்து கொடுத்தாலும் நோய் தீரும் என்று 1960-களில் சென்னை நிலையம் நிரூபித்தது. தினமும் மருந்து சாப்பிட மறந்துபோகும் நோயாளிகளுக்கு இது பெரிய வரப்பிரசாதம் என்று கருதப்பட்டது. கண்முன் மருந்து கொடுக்கும் முறை 1990-களில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் கொள்கையாயிற்று. இந்தியாவில் 1997 முதல் வாரத்துக்கு மூன்று முறை மருந்து கொடுக்கும் திட்டம் விரிந்தது.

ஆனால் பல நாடுகளின் ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தபோது வேறு சங்கதிகள் தெரிந்தன. விட்டுவிட்டு மருந்து சாப்பிட்டவர்களைவிட, தினமும் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. 2017-ல் இந்தியா தினசரி மருந்துக்கு மாறிவிட்டது. ஊழியர் எதிரே நின்று பார்ப்பதால் மட்டும் குணமாவோர் தொகை பெரிதாகக் கூடவில்லை என்று 2015-ல் வெளிவந்த காக்ரேன் திறனாய்வும் கூறிற்று. ஒருகாலத்தில் சரியாக இருந்த முடிவைப் புதிய சான்று வந்தபோது மாற்றிக்கொள்வது அவமானமல்ல. மாற்றிக்கொள்ளாமல் இருப்பதுதான் ஆபத்து.

சோறும் மருந்துதான்

1961-ல் "வேலையைச் செய்தது மருந்து, ஆகாரமல்ல" என்ற முடிவைப் பார்த்தோம். அப்படியானால் நோயாளிக்குச் சோறு முக்கியமில்லையா?

அவசரக்காரர் அப்படித்தான் எழுதிவிடுவார். நிதானமான மாணவர் ஐந்தாவது கேள்வியைக் கேட்பார். பலன் என்று எதை எண்ணினார்கள்? 1961-ல் எண்ணியது, மருந்து சாப்பிடும் நோயாளியின் கிருமி அடங்கியதா என்பதைத்தான். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் வருமா வராதா என்று ஆகாரத்தை வைத்து அது கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை இந்த நூற்றாண்டில் கேட்டார்கள். ஜார்க்கண்டில் 4 மாவட்டங்களில், சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்குகொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2023-ல் வெளிவந்தது. நோயாளிகளின் குடும்பத்தினர் 10,345 பேர் அதில் இடம்பெற்றார்கள். எல்லா நோயாளிகளுக்கும் உணவுப் பொருள்கள் கிடைத்தன. குடும்பத்தினரில் ஒரு பிரிவினருக்கும் அரிசி, பருப்பு முதலியன மாதந்தோறும் வழங்கப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு வழங்கப்படவில்லை. உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 பங்கு குறைந்தது. கிருமி தொற்றக்கூடிய நுரையீரல் காசநோயோ 48 பங்கு குறைந்தது.

1961-ம் 2023-ம் ஒன்றை ஒன்று மறுக்கவில்லை. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடைகள். இந்த நுணுக்கத்தைப் பிரித்துச் சொல்வதே திறனாய்வு எழுதும் மாணவரின் கடமை.

சான்று மெதுவாக நடந்தாலும் ஊருக்கு வந்து சேர்கிறது. சிகிச்சை பெறும் காசநோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழகத்தில் 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், மிகவும் மெலிந்தவர்களையும் நோய் முற்றியவர்களையும் ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்க வழிசெய்கிறது. எல்லோருக்கும் வீடு, மோசமானவர்களுக்கு மட்டும் படுக்கை என்ற பாகுபாடு இப்போது கணக்கின்படி நடக்கிறது.

பெரும்பாக்கத்தின் எட்டாவது மாடியில் இருமிக்கொண்டிருக்கும் கூலித் தொழிலாளி எந்தத் திறனாய்வையும் படித்திருக்கமாட்டார். அவருக்குத் தெரியவேண்டியது, எந்த மாத்திரை, எத்தனை நாள், வீட்டில் குழந்தைகளோடு இருக்கலாமா என்பதுதான். அந்த மூன்று விடைகளும் சரியாக இருக்கவேண்டுமானால், எங்கோ ஒரு நூல்நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவர் ஒரு பக்கத்தையும் தள்ளாமல் படிக்கவேண்டும். சான்றிதழுக்காக அங்கொன்றும் இங்கொன்றும் எடுத்து ஒட்டிக் கொடுக்கும் கட்டுரையால் கல்லூரியில் மதிப்பெண் கிடைத்துவிடலாம். அதனால் வரும் நஷ்டம் எட்டாவது மாடியில் இருப்பவருக்குத்தான்.